ஏழு பேரு, மூணு வயர்

நவம்பர் 3, திங்கள்

திரும்பவும் வந்துருச்சு. எஸ்எல்இ எக்ஸ்பிரஸ்வேல, காலைல 6:40. லாரி பின்னாடி வேலைக்குப் போற ஏழு பேரு. ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க வண்டி இழுக்கல, 70ல போனது 40க்கு எறங்கிருச்சு, மஞ்ச லைட்டு எரியுது. பின்னாடி டிரெய்லர்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டே நெருங்கி வந்துட்டான். டபுள் சிக்னல் போட்டு ஓரங்கட்றதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. மச்சான் கேனபி கம்பிய புடிச்சிக்கிட்டு எட்டிப் பாத்து "என்னப்பா, டீசல் இல்லையா"ன்னாரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது.

நவம்பர் 4

ஸ்கேனர் மாட்டிப் பாத்தேன், கோளாறு கோடு பி0193. அதே கோடுதான்.

நவம்பர் 5, புதன்

ஒர்க்‌ஷாப்ல இப்ப டீசல் பம்பு மாத்தணும்ங்கிறாங்க. போன மாசம் இதே கோடுக்கு டீசல் பிரஷர அளக்குற சென்சார மாத்தினாங்க, 4 நாள் தாங்கல. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்துக்கிட்டிருந்தது, மாத்தினதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவ வருது, இத சொன்னா கேக்க ஆளில்ல. டெஸ்ட் டிரைவ் போனோம் லைட்டே வரலன்றாங்க, வெறும் வண்டிய ரெண்டு ரவுண்டு சுத்திட்டு வந்தா எப்படி வரும்.

கோடு என்ன சொல்லுதுன்னு நல்லா படிச்சிட்டேன். பி0193ன்னா சென்சார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, சென்சார்லேருந்து வர்ற சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல போகுதுன்னு அர்த்தம். சென்சார் கெட்டாலும் போகும், வயர் கெட்டாலும் போகும். பம்பு வீக்கா இருந்தா ரயில்ல, அதான் இன்ஜினுக்கு டீசல பிரஷரோட குடுக்குற குழாய்ல, பிரஷர் பத்தலன்னு பி0087 வரணும், அது ஒரு தடவகூட வரல. அப்பறம் பம்பு எதுக்கு? பாஸ் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காரு. மார்ச்ல சிஓஇ முடியுது, சிங்கப்பூர்ல வண்டி வச்சிருக்க அந்த பர்மிட்டு வேணும். செலவு ஏறினா வண்டிய ஸ்கிராப்புக்கு விட்ருவேன்னு போன்ல யாருட்டயோ சொல்லிக்கிட்டிருந்தாரு.

நவம்பர் 6

ராத்திரி அக்கா போன். "அவரு பின்னாடி உக்காந்துதானே வர்றாரு, பாத்து ஓட்டுடா"ன்னுச்சு. மச்சான் ஏதும் சொல்லிருப்பாரோ. நான் சொல்லல. தூக்கம் வரல, அந்த டிரெய்லர் லைட்டுதான் கண்ணுக்குள்ள நிக்குது.

நவம்பர் 7

மழை. லைட்டு வரல. நாளெல்லாம் வயித்துல பயத்தோடயே ஓட்டுனேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலைல தேக்கா போயி பசியாறிட்டு அப்படியே நடந்து சிம் லிம் டவர்ல வோல்டேஜ் பாக்க ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கினேன், 35 வெள்ளி. ஊருக்கு அனுப்புற காசுல கைய வச்சாச்சு, பரவால்ல.

சாயங்காலம் பானெட்ட தொறந்தேன். சென்சாருக்கு மூணே வயர். ஒண்ணுல வண்டியோட கம்ப்யூட்டர்லேருந்து 5 வோல்ட் வருது, ஒண்ணு கிரவுண்டு, ஒண்ணு சிக்னல். பிரஷரே இல்லாதப்ப சிக்னல்ல 0.5 கிட்ட இருக்கணும், ஃபுல் பிரஷர்ல 4.5 கிட்ட. கனெக்டர கழட்டாம பின்பக்கமா ஊக்கு ஊசிய சொருகி பாத்தேன். 5 வோல்ட் வயர்ல 4.98. இன்ஜின் ஆஃப்ல சிக்னல் 0.51. ஸ்டார்ட் பண்ணா ஐடில்ல, அதான் ஆக்சிலேட்டர் மிதிக்காம ஓடுறப்ப, 1.2, ஸ்கேனர்ல பிரஷர் 31 மெகா பாஸ்கல், அதாவது 310 பார். எல்லாமே சரி. சரியா இருக்குன்னு சந்தோசப்படக்கூட முடியல, நாளைக்கு காலைல ஏழு பேரு ஏறி உக்காருவாங்களே.

அதுக்குள்ள ரூம் தம்பி ஒருத்தன் ஸ்பேனரோட வந்து ரயில் பைப்ப லேசா லூஸ் பண்ணி டீசல் வருதான்னு பாப்போம்ணேன்றான், இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு. கத்திட்டேன் அவன்ட்ட. கார் டயர்ல இருக்குறது 2, 3 பார். இந்த பைப்ல ஐடில்லயே 300 பார் இருக்கு. ஊசிமுனை அளவு ஓட்டைல பீச்சுனாலும் டீசல் தோல கிழிச்சி உள்ள போயிரும், வெளிய சின்ன புள்ளிதான் தெரியும், உள்ள கை அழுகிப் போயிரும். இதுல வெளயாட்டு கெடையாது. பாவம், மொகம் செத்துப்போச்சு, அப்பறம் தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கிக் குடுத்து சமாதானப்படுத்துனேன்.

நவம்பர் 10

வேற லாரி கேட்டேன். இல்லன்னுட்டாரு. எஸ்எல்இல லெஃப்ட் லேன விட்டு நகரல.

நவம்பர் 11

டிபிஇ எக்ஸ்பிரஸ்வே ஏத்தத்துல திரும்ப வந்துச்சு. ஏழு பேரு, பின்னாடி ஆறு மூட்டை சிமெண்டு. வெறும் வண்டியா திரும்பி வரும்போது வரல. எப்பவுமே இப்படித்தான். ஆளு எறங்கினா வர்றதில்ல. ஏன்?

நவம்பர் 12, புதன்

கெடச்சிருச்சு!!

ராத்திரி 9 மணிக்கு நாங்க தங்குற டார்ம் பார்க்கிங்ல மச்சான ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணச் சொல்லி நான் டார்ச் அடிச்சி பாத்துக்கிட்டே இருந்தேன். ஆஃப் ஆகுறப்பல்லாம் இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்குது, அப்ப சென்சாருக்கு போற வயர் விண்ணுன்னு இழுபடுது. சென்சார் மாத்துனவங்க ஒரு கேபிள் டைய போட்டு அத பக்கத்து பிராக்கெட்டோட இறுக்கி கட்டி விட்டிருக்காங்க. இன்ஜின் ஆடும், பிராக்கெட்டு ஆடாது, நடுவுல வயரு. லோடு ஏறினா, ஏத்தத்துல இன்ஜின் முறுக்கிக்கிட்டு இன்னும் ஆடும். ஏழு பேரு ஏறினாத்தான் வர்றது அதனாலதான்!

சந்தேகம் இருக்கக்கூடாதுன்னு இன்ஜின ஆஃப் பண்ணி சாவிய மட்டும் ஆன் பண்ணி கிரவுண்டு வயர்ல மீட்டர வச்சேன். 0.02. வயர லேசா இழுத்தேன், 4.9. விட்டேன், 0.02. இழுத்தா 4.9. கிரவுண்டு அறுந்து போயி சிக்னலும் சேந்து 5க்கு ஏறுது, கம்ப்யூட்டர் பயந்து பவர கொறச்சிருது. மச்சான்ட்ட மூணு தடவ இழுத்துக் காமிச்சேன். அவருக்கு வோல்டேஜ் புரியாது, ஆனா நம்பர் குதிக்கிறத பாத்துட்டு என் தோள புடிச்சிக்கிட்டாரு.

டேப்ப பிரிச்சேன். வயரு மேல ஒரு கீறல் கெடையாது. ரெண்டு வெரல்ல புடிச்சி இழுத்தா ஒரு எடத்துல மட்டும் ரப்பர் பேண்டு மாதிரி நீளுது. நல்ல வயரு நீளாது, உள்ள செம்பு தாங்கும். அந்த எடத்துல பிளேடால கீறுனேன், உள்ள செம்பு பச்சை பூத்து மாவா உதிந்துச்சு. மிச்சம் ரெண்டு இழைதான். ரொம்ப நாளாவே அறுந்துக்கிட்டு இருந்திருக்கு, அந்த டை வந்து சீக்கிரமாக்கிருச்சு. ரெண்டு இழையிலதான் ஏழு பேர இவ்வளவு நாளா கூட்டிட்டுப் போயிருக்கேன்.

நவம்பர் 13

லீவு சொல்லிட்டேன், வண்டிய எடுக்கமாட்டேன்னுட்டேன். பாஸ் கோவப்பட்டாரு, மீட்டர காமிச்சதும் "ஓகே, யூ டூ"ன்னாரு. கெட்டத ஒரு சாண் வெட்டி எடுத்துட்டு அதே தடிமன் வயரு, சால்டர், மேல சுருங்குற டியூப். கொஞ்சம் தொளதொளன்னு விட்டு பிராக்கெட்ட தொடாம வேற வழியா இன்ஜின் மேலயே கட்டிட்டேன். செலவு 6 வெள்ளி.

நவம்பர் 14

0.51.

நவம்பர் 16, ஞாயிறு

வீரமாகாளியம்மன் கோயில்ல ஒரு அர்ச்சனை. ஏழு பேரு பேருலயும்.

நவம்பர் 19, புதன்

கொட்டுற மழை, ஃபுல் லோடு, டிபிஇ ஏத்தம். வரல. ஆனாலும் அந்த எடம் வந்தா கால் தானா ஆக்சிலேட்டர விடுது. கண்ணாடிய பாத்துக்கிட்டே இருக்கேன், டிரெய்லர் வருதான்னு. மச்சான் பின்னாடி தூங்கிக்கிட்டு வந்தாரு.

நவம்பர் 21

சிஓஇ ரினியூ பண்றதா வேணாமான்னு பாஸ் நாளைக்கு சொல்றேன்னாரு. அஞ்சு வருசம் போட்டாலே போதும். வண்டி நல்ல வண்டி.