துக்கம் விசாரித்த ஞாயிற்றுக்கிழமை

2019 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் உணவகத்தில் தோசைக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் அருகில் வந்து, என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கேள்விப்பட்டேன் சார். மனசை விட்டுடாதீங்க. ஒன்பதாவதுல இன்னொரு வாட்டி பரீட்சை எழுதலாம்" என்றார். வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறார் என்று சிரித்த முகத்தோடு திரும்பியிருந்த நான், அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலிருந்த ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் இறந்துவிடவில்லை. என் மகளுக்கு லாகுவார்டியா கலைப் பள்ளியின் குரலிசைப் பிரிவில் இடம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

நியூயார்க்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடு எப்படியிருக்கும் என்பதை, ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நகரத்தில் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகள் ஒன்பது. அவற்றுள் எட்டுக்கு ஒரே நுழைவுத் தேர்வு. ஆங்கிலமும் கணக்கும் கேட்பார்கள். அந்த மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார்கள். ஒன்பதாவதான லாகுவார்டியாவுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அங்கே பாடிக் காட்ட வேண்டும், ஆடிக் காட்ட வேண்டும், நடித்துக் காட்ட வேண்டும், அல்லது வரைந்த படங்களைக் காட்ட வேண்டும். அப்போது அதோடு பழைய வகுப்பு மதிப்பெண்களையும் பார்த்தார்கள். நம்மவர்கள் எண்ணும்போது ஒன்பது என்ற எண்ணே வருவதில்லை. எட்டோடு நின்றுவிடும்.

என் மகளையும் அந்தத் தேர்வை எழுத வைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அதிலும் ஒரு பள்ளி கிடைத்தது. அவள்தான் வேண்டாமென்றாள். தோசை வரிசையில் இதைச் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன், அரை நிமிடத்துக்குள் சொல்லியும்விட்டேன். நண்பரின் துயரம் அதைக் கேட்டு இரட்டிப்பாயிற்று. கிடைக்காமல் போவது விதி, கிடைத்ததைக் கைவிடுவது பெற்றோரின் குற்றம் என்பது போல என்னைப் பார்த்தார்.

அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை. நான் திருவையாற்றில் வளர்ந்தவன். எங்கள் பள்ளியில் வாரம் ஒரு பாட்டு வகுப்பு அட்டவணையில் இருந்தது. அதைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், பாட்டு வாத்தியார் சத்துணவுக் கணக்கை எழுதிக்கொண்டிருப்பார். பத்தாவதோடு நின்றுவிட்டு நாதசுரம் கற்கப் போன என் வகுப்புத் தோழனைப் பற்றித் தெருவே சொன்ன சொல், "படிப்பு ஏறலை". பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் அப்பா, தை மாதத்தில் தியாகராஜ ஆராதனையன்று விடுப்பெடுத்துக்கொண்டு, காவிரிக்கரைப் பந்தலின் ஓரத்தில் அமர்ந்து, பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தையும் கூட்டத்தோடு சேர்ந்து பாடிவிட்டு வருவார். அதே அப்பா, நான் மிருதங்கம் கற்க ஆசைப்பட்டபோது, அது சோறு போடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் கணினி படித்தேன். சோற்றுக்கு இதுவரை குறைவில்லை.

ஆகவே என் ஆற்றாமை அந்த நண்பர் ஒருவர் மேல் மட்டும் அல்ல. ஈஸ்டர் விடுமுறையையொட்டி, கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனைக்கு, பிள்ளைகளைப் பின்னிருக்கையில் அமர்த்தி, புளியோதரைப் பொட்டலங்களோடு ஏழெட்டு மணி நேரம் காரோட்டிச் செல்பவர்களும் நாம்தான். போட்டியில் ஒரு பரிசு வந்துவிட்டால் அந்தப் புகைப்படம் ஆண்டு முழுவதும் குழுக்களில் உலவும். அரங்கேற்றம் என்றால் மண்டபம், பக்கவாத்தியம், விருந்து என்று ஒரு சிறு கல்யாணத்துக்கு ஆகும் செலவைச் செய்வோம். அத்தனையும் செய்துவிட்டு, பிள்ளை அதையே படிக்கப் போகிறேன் என்றால் துக்கம் விசாரிப்போம். பாட்டு வேண்டும், ஆனால் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரியாக மட்டும் வேண்டும். மூக்குத்தி எடுப்பாகத்தான் இருக்கிறது, அதற்காக மூக்குத்தியையே சாப்பாடாகப் பரிமாறுவதா என்று ஓர் அம்மையார் என் மனைவியிடம் கேட்டாராம். உவமை நன்றாகத்தான் இருந்தது என்பதே என் எரிச்சலை அதிகமாக்கியது.

இத்தனைக்கும் இது அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது. இதைத்தான் என்னால் இன்றுவரை முழுதாக நம்ப முடியவில்லை. இராணுவ பேண்டு மாஸ்டர் ஒருவரின் மகனாகப் பிறந்து நியூயார்க்கின் மேயரான லாகுவார்டியா, நாடு பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த 1936 ஆம் ஆண்டில், இசைக்கும் ஓவியத்துக்குமென்று ஒரு பொதுப் பள்ளியைத் தொடங்கியிருக்கிறார். நடனத்துக்கும் நாடகத்துக்குமான இன்னொரு பள்ளி 1940களின் இறுதியில் வந்தது. 1984 இல் இரண்டும் லிங்கன் சென்டர் கலையரங்குகளுக்குப் பின்புறம் ஒரே கட்டடத்துக்குள் வந்தன. இன்று குரலிசை, கருவியிசை, நடனம், நாடகம், ஓவியம், அரங்கத் தொழில்நுட்பம் என்று ஆறு பிரிவுகள். இதையெல்லாம் ஊரிலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் விளக்கியபோது, அவர் என்னைப் பார்க்க ஒருமுறை வந்திறங்கிய லாகுவார்டியா விமான நிலையத்தின் பெயரைச் சரியாக நினைவில் வைத்திருந்து, "ஏண்டா, ஏர்போர்ட்லயா பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

குரல் தேர்வு நாளைச் சொல்ல வேண்டும். ஏழாம் எண் ரயிலில் டைம்ஸ் சதுக்கம் வரை வந்து, அங்கிருந்து ஒன்றாம் எண் ரயிலில் அறுபத்தாறாவது தெருவில் இறங்கினோம். டிசம்பர் குளிர். உள்ளே போய்விட்டு வந்த மகளின் முகம் தொங்கிப்போயிருந்தது. அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த பாட்டு நன்றாகவே போயிற்றாம். பிறகு பியானோவில் சில சுரங்களை வாசித்து, அவற்றை அப்படியே திரும்பப் பாடச் சொன்னார்களாம். ஆறு வயதிலிருந்து ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் இணையவழியில் பாடம் கேட்டு வளர்ந்த தொண்டை அது. காந்தாரச் சுரம் என்றால், கமகம் என்கிற அசைவில்லாமல் அதற்கு நிற்கத் தெரியாது. "நேரா நிக்கணும்னு நெனச்சேன்பா, அது தானா வளைஞ்சுடுச்சு" என்றாள். அன்றிரவு அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆறுதல் சொல்லவில்லை. "கமகம் இல்லாம சுரத்தை எப்படிடி பாடுவாங்க? கம்பத்துல கட்டின மாதிரியா?" என்று சிரித்தார். வளைந்த சுரத்தோடுதான் இடம் கிடைத்தது.

அவள் சேருவதற்குச் சில மாதங்கள் முன்னால், அந்தப் பள்ளியின் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் தாழ்வாரங்களில் அமர்ந்து போராடிய செய்தியைப் படித்தேன். கலையைக் காட்டிலும் ஏட்டுப் பாடங்களுக்கு அதிக எடை தரப்படுகிறது என்பது அவர்களுடைய குறை. செய்தியை இரண்டு முறை படித்தேன், தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று. பள்ளியில் அதிகமாகப் படிக்கச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் உட்கார்ந்து போராடுவதை என் அப்பாவிடம் சொல்ல அவர் இல்லாமல் போனாரே என்று தோன்றியது.

இப்போது எல்லாம் பழகிவிட்டது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். பனியில் வழுக்காமல் நடக்கத் தெரியும். ரயில் நின்றுபோனால் எந்தப் பேருந்து என்று தெரியும். கோயிலில் யாராவது மகளைப் பற்றி விசாரித்தால் முகம் மாறாமல் பதில் சொல்லத் தெரியும். ஆனால் மேம்பாலத்தில் ஏழாம் எண் ரயில் திரும்பும்போது பக்கத்தில் அவள் வாய்க்குள் முணுமுணுத்தால், அது ஆங்கிலப் பாட்டாக இருந்தாலும், எனக்குப் பந்தல் மூங்கிலும் ஆற்று மணலும் அப்பாவின் சலவை வேட்டியும்தான் தெரிகின்றன.

அந்த ஆண்டு டிசம்பரில் அவர்களுடைய சேர்ந்திசையை முதன்முதலாகக் கேட்டோம். ஒரே மாதிரி கறுப்புடையில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள். ஒருவர் குரலும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கக்கூடாது என்பதுதான் அந்தப் பாட்டின் இலக்கணமாம். நம் கச்சேரியிலோ நடுவில் ஒருவர் அமர்ந்திருப்பார், மற்றவர்கள் அவருக்குத் துணை. மகள் எங்கே நிற்கிறாள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. பெற்ற தகப்பனுக்கே பிடிபடவில்லையே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. கைப்பேசியில் பதிவு செய்ததை அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, "கூட்டத்துல அவ குரல் தெரியாதும்மா, சும்மா கேளு" என்று எழுதினேன்.

மறுநாள் காலையில் அம்மா அழைத்தார். நான்கு முறை கேட்டாராம். "ஆராதனைப் பந்தல்ல அத்தனை பேர் பாடினப்பவும் உங்கப்பா குரல் எனக்குத் தனியாக் கேட்டிருக்கு. இது கேட்காதா? ரெண்டாவது அடி முடியற இடத்துல ஒண்ணு லேசா ஆடுது பாரு, அதுதான் நம்ம பொண்ணு" என்றார்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் பதறிப்போய்க் கைப்பேசியை என்னிடமிருந்து பிடுங்கி, "எந்த இடம் பாட்டி? டீச்சருக்குக் கேட்டிருக்குமா?" என்றாள்.