செல் சவ்வுக் கடத்தல் பாடம் எனக்குப் பிடிபட்ட விதம்

பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. ஹைபர்டானிக் கரைசலில் (செல்லுக்குள் இருப்பதைவிட உப்பு போன்ற கரைபொருள் அதிகமுள்ள கரைசலில்) தாவரச் செல்லை வைத்தால் என்ன நடக்கும், படத்துடன் விளக்குக. நீர் செல்லுக்குள் போகும், செல் விறைக்கும் என்று எழுதி, படமும் போட்டு, பாகங்களையும் குறித்திருந்தேன். ஐந்துக்குப் பூஜ்யம். படிக்காமல் போனதால் வந்த பூஜ்யம் இல்லை அது. "செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு" என்ற வரி எனக்கு மனப்பாடம். வெளியே செறிவு அதிகம், உள்ளே குறைவு, அப்போது நீர் உள்ளேதானே போக வேண்டும்? இப்படித்தான் யோசித்தேன். இப்போது நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். லீவில் ஊருக்கு வந்து தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இது விளங்கியது ஒரு சித்திரை மாதம். எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். அம்மா ஒரு ஆச்சி வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் அந்த வீட்டு வளவில் ஊறுகாய், வத்தல் வேலைதான். நானும் ஒத்தாசைக்குப் போவேன். அன்றைக்கு நறுக்கிய மாங்காயில் கல் உப்பைப் போட்டுக் குலுக்கி, ஜாடி வாயைத் துணியால் கட்டி வைத்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. மறுநாள் அவிழ்த்துப் பார்த்தால் துண்டுகள் பாதி மூழ்கும் அளவுக்கு நீர். நேற்று மொறுமொறுவென்று இருந்த துண்டு, எடுத்தால் துவண்டது. "உப்பு தண்ணிய இழுத்துரும் ஆத்தா" என்றாள் அம்மா.

அப்போதுதான் உறைத்தது. புத்தகம் செறிவு என்று சொல்லும் இடத்தில் "எதன் செறிவு?" என்று நான் கேட்டதே இல்லை. உப்பைக் கணக்கெடுத்தால் வெளியே அதிகம். நீரைக் கணக்கெடுத்தால் உள்ளேதான் அதிகம். நீர், தான் அதிகமாக இருந்த இடத்திலிருந்து குறைவாக இருந்த இடத்துக்குப் போயிருக்கிறது. பரவலுக்குச் சொன்ன அதே விதிதான், செல்லைச் சுற்றியுள்ள சவ்வு வழியே நீர் போகும் சவ்வூடு பரவலுக்கும். கரைபொருளை வைத்துச் சொல்லும்போது மட்டும் திசை மாறியது போலத் தெரிகிறது. அன்றிலிருந்து என் நோட்டில் செறிவு என்ற சொல் எங்கே வந்தாலும் அதன் மேல் பென்சிலால் "எதன்?" என்று எழுதிவைத்தேன். நீங்களும் ஒரு வாரம் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஜாடியிலேயே நாள்கணக்கில் கிடந்தால் மாங்காயின் செல்கள் செத்துப்போகும், சவ்வு கெடும், உப்பும் உள்ளே ஏறும். ஆகவே முதல் நாள் நிலவரத்தை மட்டும் உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையே உயிருள்ள செல்லில் கண்ணால் பார்க்க ரியோ இலை போதும். மேலே பச்சை, அடியில் ஊதா. பல வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கும் செடிதான். எங்கள் பள்ளியில் செய்முறை வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் நுண்ணோக்கி கிடைத்தது. நான் டீச்சரிடம் கேட்டு, பள்ளி விட்ட பிறகு மறுபடி உட்கார்ந்தேன். இலையின் அடிப்பக்கத் தோலை மெல்லியதாக உரித்து, ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்த்தால் ஊதாக் கட்டங்கள் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மாதிரி இடைவெளி இல்லாமல் அடுக்கியிருக்கும். கண்ணாடி வில்லையின் ஒரு ஓரத்தில் உப்புக் கரைசலை விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்ச வேண்டும். சில நிமிடங்களில் ஊதா மூலையை விட்டு விலக ஆரம்பித்தது. கட்டம் அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கும் நிறம் மட்டும் உருண்டு சுருங்குகிறது. கட்டம் செல்சுவர், சுருங்குவது சவ்வுக்குள் இருக்கும் புரோட்டோபிளாசம், அதாவது செல்லின் உயிர்ப்பொருள். இதுதான் பிளாஸ்மா சிதைவு. பிறகு தண்ணீர் விட்டால் ஊதா மெல்ல விரிந்து மறுபடி சுவரைத் தொட்டது.

இதைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி சுலபமாகிவிடும்: பிளாஸ்மா சிதைவில் சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே உள்ள இடத்தில் இருப்பது என்ன? காற்று, வெற்றிடம், நீர் என்றெல்லாம் விடைகள் கொடுப்பார்கள். சரியான விடை, வெளியே இருக்கும் அதே கரைசல். சுவர் உப்பையும் நீரையும் தடுப்பதில்லை. உப்பை வழிமறிப்பது சவ்வுதான்.

ஒரு சின்ன விஷயம். ராத்திரி ஊறவைத்த கவுனி அரிசி பருப்பதைச் சவ்வூடு பரவல் என்று எழுதாதீர்கள். அது உள்ளீர்த்தல். உலர்ந்த மாவுப்பொருள் நீரை உறிஞ்சுகிறது, அதற்குச் சவ்வு தேவையில்லை.

அப்புறம் நீரியல் திறன், அதாவது நீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் அளவு. இங்கே பயமுறுத்துவது கழித்தல் குறிதான். தூய நீருக்குப் பூஜ்யம், கரைபொருள் சேரச் சேர அதற்குக் கீழே. எங்கள் பக்கத்துக் கிணறுகளை நினைத்துக்கொள்வேன். தரைதான் பூஜ்யம். 40 அடி ஆழத்தில் கிடக்கும் தண்ணீர் மேலே இருக்கிறது, 70 அடியில் கிடப்பது கீழே. அதேபோல மைனஸ் 0.4 மேலே, மைனஸ் 0.7 கீழே. நீர் மேலிருந்து கீழே போகும், அவ்வளவுதான். இப்போது ஒரு கணக்கு. முதல் செல்லின் கரைபொருள் திறன் மைனஸ் 0.8, அழுத்தத் திறன் 0.3 மெகாபாஸ்கல். இரண்டாவது செல்லுக்கு மைனஸ் 0.7, 0.1. கரைபொருள் முதல் செல்லில்தான் அதிகம், ஆகவே நீர் அதற்குள் வரும் என்று அவசரமாகச் சொல்லத் தோன்றும். கரைபொருள் திறனையும் அழுத்தத் திறனையும் கூட்டினால்தான் நீரியல் திறன், கூட்டிப் பாருங்கள். முதலாவது மைனஸ் 0.5, இரண்டாவது மைனஸ் 0.6. நீர் முதல் செல்லிலிருந்து இரண்டாவதற்குப் போகிறது. உள்ளே விறைப்பாக இருப்பதால் கரைபொருள் அதிகமுள்ள செல்லே நீரைக் கொடுக்கிறது. இந்த ஒரு கணக்கைப் புரிந்து போட்டுவிட்டால் மற்றவை தானாக வரும்.

அடுத்த குழப்பம் புரதம். சவ்வில் புரதம் வழியாக ஒரு பொருள் போனாலே ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புரதத்தின் உதவியோடு நடக்கும் எளிதாக்கப்பட்ட பரவலுக்கும் புரதம் வேண்டும், ஆனால் செலவு கிடையாது. நீருக்கென்றே இருக்கும் அக்வாபோரினும் அப்படித்தான். அதைக் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே புரதம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பொருள் சரிவில் இறங்குகிறதா (தன் செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு), ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் யாரோ செலவு செய்கிறார்கள், அதுதான் செயல்மிகு கடத்தல். சவ்வில் இருக்கும் சோடியம் பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் ஒரு ஏடிபியைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. 1957இல் யென்ஸ் ஸ்கௌ பம்ப்பாக வேலை செய்யும் இந்த நொதியைக் கண்டுபிடித்தார், 40 வருடம் கழித்து 1997இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. இந்த 3, 2 இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்து நீட் எழுதுபவர்கள் சவ்வூடு பரவலை ஆஸ்மாசிஸ் என்றும், செயல்மிகு கடத்தலை ஆக்டிவ் டிரான்ஸ்போர்ட் என்றும் சேர்த்தே படியுங்கள். வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் இறுதி. நான் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு ஆங்கிலச் சொல்லை ஒருமுறை சரிபார்த்த பிறகே விடையைக் குறித்தேன்.

கடைசியாக, பாடம் முழுவதையும் ஒரே படத்தில் பார்க்க வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. வயிற்றுப்போக்குக்குச் சர்க்கரை எதற்கு? சிறுகுடல் செல்லின் குடல் பக்கச் சவ்வில் ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுக்கும். சோடியம் சரிவில் இறங்கும், அந்த இறக்கத்தின் பலத்தில் குளுக்கோஸ் ஏறும். இங்கே நேரடியாக ஏடிபி செலவு இல்லை. ஆனால் இரத்தப் பக்கம் இருக்கும் பம்ப் ஏடிபி செலவழித்துச் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் அந்தச் சரிவு நிலைக்கிறது. குளுக்கோஸ் அதே பக்கத்தில் எளிதாக்கப்பட்ட பரவலாக இரத்தத்துக்கு இறங்கிவிடும். இவற்றின் பின்னாலேயே நீர் சவ்வூடு பரவலாகப் போகும்.

ஒரு வெள்ளைத்தாளில் இந்த ஒரு செல்லை வரையுங்கள். இடப்பக்கம் குடல், வலப்பக்கம் இரத்தம். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் எதன் சரிவு, செலவு உண்டா என்று எழுதுங்கள். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் இன்னொரு தாளில் வரையுங்கள். எனக்கு நான்காவது நாள்தான் தப்பில்லாமல் வந்தது.