பாட்டு நின்றால்தான் ஆர்டர்

கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடி பாரில் ஆர்டர் எடுக்கும் கேப்டனாக இருந்தேன். வார இறுதியில் லைவ் மியூசிக், பெரிய குழு எல்லாம் இல்லை, ஒரு கிடார், ஒரு பாடகர், அவ்வளவுதான். கூட்டம் பாட்டுக்காகத்தான் வருகிறது என்று நிர்வாகம் நம்பியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, பாதிப் பேர் மேடைப் பக்கம் திரும்புவதே கிடையாது. ஆனால் பாட்டு நின்றதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து எங்களைத் தேடுவார்கள். பாடும்போது கத்திப் பேச வேண்டும் என்பதால் ஆர்டரை அடக்கி வைத்திருப்பார்கள் போல.

அதில் சிக்கல் என்னவென்றால், நம்ம ஊர் ஆட்கள் முதலில் கேட்பது பள்ளிபாளையம் சிக்கன். மசாலாத் தூளை நம்பாமல் வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு போட்டு, கோழி தன் தண்ணீரிலேயே வெந்து சுருள வேண்டும், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும். எல்லா டேபிளும் இடைவேளையில் ஒன்றாகக் கேட்டால் மாஸ்டர் என்ன செய்வார்? அதனால் பாடகரிடம், "அண்ணா, பிரேக்குக்கு ரெண்டு பாட்டு முன்னாடி எனக்கு ஒரு சைகை காட்டுங்க" என்று சொல்லி வைத்தேன். கை தூக்கினால் நான் டேபிள் டேபிளாகப் போய், விரலால் எண்ணிக்கை கேட்டு, சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டை (கேஓடி) போட்டுவிடுவேன். பாதி சண்டை அதிலேயே குறைந்தது.

ஸ்பீக்கர் பக்கத்து டேபிள் தனிக் கதை. திருப்பூரிலிருந்து சரக்கு வாங்கும் பையர்களை அழைத்து வரும் பனியன் கம்பெனிக்காரர்களை அங்கே உட்கார வைத்தால் போச்சு. "ஏனுங்க தம்பி, நாங்க வியாபாரம் பேச வந்தமா, பாட்டுக் கேக்க வந்தமா?" நியாயமான கேள்விதான்.

திறந்த மாடி என்பதால் இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை அணைத்தே ஆக வேண்டும், ஒலி மாசு விதிகள் 2000-லேயே வந்துவிட்டன. ஒன்ஸ்மோர் கேட்கிறவர்களிடம் அதைச் சொல்லும் பொறுப்பு மட்டும் எப்படியோ என் தலையில் விழுந்தது. அப்புறம்தான் சாப்பாடு ஒழுங்காக நகரும், பரோட்டா, ஆம்லெட், தயிர் சாதம்.

பாடுகிறவர்கள் சாப்பிட உட்காரும்போது பள்ளிபாளையம் தீர்ந்திருக்கும். அவர்களுக்கு ஒரு பிளேட் முன்னாடியே எடுத்து வைக்கச் சொன்னேன். "கணக்குல யாருங்க எழுதறது?" என்றார் மாஸ்டர். நான் வேலையை விடும் வரை அதற்கு நிர்வாகத்திடமிருந்து பதில் வரவில்லை.