அன்புள்ள ஆத்தங்குடி அவர்களுக்கு

காரைக்குடியில், ஆத்தங்குடி என்ற பக்கத்து ஊரில் கையால் செய்யும் சிமெண்டுத் தரைக்கற்களான ஆத்தங்குடி டைல்ஸை விற்கும் ஒரு நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பது என் வேலை. சென்னை, பெங்களூரு, கொச்சி போன்ற ஊர்களில் வீடும் விடுதியும் கட்டுகிற ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு நாங்கள் எழுதுகிறோம். எங்களுக்கோ உலகமே எழுதுகிறது. நிறுவனப் பெயரின் முதற்சொல்லை ஓர் ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு, "அன்புள்ள ஆத்தங்குடி அவர்களுக்கு" என்று தொடங்கும் குப்பை அஞ்சல் (ஸ்பேம்) வாரந்தவறாமல் வருகிறது. எங்கள் வளர்ச்சியை நெடுநாளாக வியந்து கவனித்து வருவதாக அதன் முதல் வரி சொல்லும். அடுத்த வரியே, சீனாவிலிருந்து பீங்கான் டைல்ஸை மலிவு விலையில் இறக்கிக்கொள்ளுமாறு எங்களை அழைக்கும். கொல்லன் தெருவில் ஊசி விற்க வருபவரிடமும் கற்றுக்கொள்ளச் சிலது இருக்கிறது என்பதால், அழிப்பதற்கு முன் அவற்றை ஒருமுறை படித்துவிடுவேன்.

முதலில் கண்ணில் படுவது அந்தப் புகழ்ச்சிதான். அதை அரிசி ஆலைக்கு அனுப்பினாலும் பொருந்தும், பல் மருத்துவருக்கு அனுப்பினாலும் பொருந்தும். அதனால் எங்கள் கடிதம் ஒவ்வொன்றையும் அனுப்பும் முன், பெறுபவரின் பெயரை நீக்கிவிட்டு வேறொருவர் பெயரை வைத்துப் படித்துப் பார்க்கிறேன். அப்போதும் கடிதம் பழுதில்லாமல் நின்றால் அதை அனுப்புவதில்லை. அவர் கட்டிய வீட்டின் முற்றத்தையோ, திண்ணையின் சிவப்பு ஆக்சைடு தரைக்கு எந்த விளிம்புக் கல் ஒத்துவரும் என்பதையோ பற்றி ஒரு வரியாவது இருந்தால்தான் அது அவருக்கு எழுதிய கடிதம். இதற்கு நேரம் பிடிக்கிறது என்பது உண்மை, ஒரு நாளில் நாலைந்துக்கு மேல் எழுத முடிவதில்லை என்பதும் உண்மை.

அவசரப்படுத்துவது இன்னொரு வகை. "இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்ற குறுஞ்செய்தி வந்தபோது எங்கள் கணக்கர் கட்டணம் செலுத்திய ரசீதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். நேர்மையான வணிகர்களும் "சலுகை இன்றுடன் முடிகிறது" என்று இதே தொனியில்தான் எழுதுகிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, சட்டத்தைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, இறுகிய பின் தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிற பொருளுக்கு, "இன்றே முந்துங்கள்" என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

இவ்வளவு மட்டமான கடிதங்கள் ஏன் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து விற்பதாகச் சொல்லும் ஏறத்தாழ 35 கோடி குப்பை அஞ்சல்களை 26 நாள்கள் பின்தொடர்ந்தார்கள். வாங்கும் கட்டம் வரை வந்தவர்கள் 28 பேர். அனுப்பச் செலவு மிகக் குறைவு, எரிச்சலடைந்த மற்ற கோடிக்கணக்கானோரை அனுப்புபவர் வாழ்நாளில் சந்திக்கப் போவதுமில்லை. அதனால் அவருக்கு அந்த 28 போதும். எங்கள் தொழில் அப்படியல்ல. ஓர் ஆர்க்கிடெக்ட்டை நச்சரித்தால் அவரோடு படித்தவர், அவரிடம் வேலை செய்யும் கொத்தனார், கல் பதிக்கும் மேஸ்திரி என்று செய்தி பரவி, அடுத்த முகூர்த்தத்துக்குள் அது கல்யாணப் பந்தியில் எங்கள் முதலாளியின் இலைக்கே வந்து சேர்ந்துவிடும். முதல் குப்பை அஞ்சல் என்று சொல்லப்படுவதை 1978-இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பு வழியாக ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் அனுப்பியபோது, அது போனது 400 பேர் அளவுக்குத்தான். அதுவும் கணினியோடு தொடர்புடையவர்களுக்கு. திட்டு நிறைய வாங்கினார், ஆனால் விற்பனையும் நன்றாக நடந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைய வாரிசுகளோடு ஒப்பிட்டால் அவரை மரியாதைக்குரிய வணிகர் என்றே சொல்ல வேண்டும்.

பெருஞ்செல்வத்தில் பங்கு தருவதாக ஓர் இளவரசர் பெயரில் ஆசைகாட்டி முன்பணம் கறக்கும், நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவு எண்ணாலேயே அறியப்படும் இளவரசர் கடிதங்களிடம் நான் கற்றதுதான் இவை எல்லாவற்றிலும் பெரிது. நம்ப முடியாத அந்தக் கதையை அவர்கள் ஏன் மாற்றுவதில்லை என்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-இல் விளக்கினார்: சந்தேகப்படுகிறவர் முதல் வரியிலேயே விலகிவிட்டால் அவர்மேல் உழைப்பு வீணாகாது, கடைசிவரை ஏமாறக்கூடியவர் மட்டுமே மிஞ்சுவார். கெட்ட நோக்கத்துக்குப் பயன்படும் இந்தச் சல்லடையை நல்ல நோக்கத்துக்குத் திருப்பினால் என்ன என்று தோன்றியது. கையால் செய்வதால் ஒரே நிறத்திலும் கல்லுக்குக் கல் சிறு வேறுபாடு இருக்கும், முழுப் பளபளப்பு பதித்த அன்றே வராது, துடைக்கத் துடைக்கத்தான் கூடும், எலுமிச்சையோ புளியோ சிந்திக் கிடந்தால் தடம் விழும் என்பதையெல்லாம் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதினேன்.

"நம்ம குறைய நாமளே எழுதணுமாப்பா?" என்றார் முதலாளி.

"இதப் படிச்சிட்டும் வர்றவங்க அப்புறமா சண்டைக்கு வர மாட்டாங்கண்ணே."

பதில்கள் குறைந்தன. ஆனால் வந்த பதில்களில் "விலை என்ன" என்பதற்குப் பதிலாக "இத்தனை சதுர அடிக்கு எவ்வளவு நாளாகும்" என்ற கேள்வி இருந்தது.

குப்பை அஞ்சல்காரர்களிடம் நான் மனதாரப் பாராட்டுவது அவர்களுடைய விடாமுயற்சியை. "முந்தைய கடிதத்தைப் பார்த்தீர்களா", "இதுவே என் கடைசிக் கடிதம்" என்று எழுதிவிட்டு, கடைசிக்கு அடுத்ததையும் எழுதுவார்கள். நாங்களும் மறுபடி எழுதுகிறோம். புதிய நிறக்கலவையின் படமோ, அனுப்பிவைக்க ஒரு மாதிரிக் கல்லோ கையில் இருந்தால் மட்டும்.

எங்கள் கடைக்கு அடுத்த வீட்டில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவருக்குக் கணினியே கிடையாது. தீபாவளி நெருங்கும்போது வெளியூரில் இருக்கும் பழைய வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, பேரன் நடக்கிறானா, மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, பேச்சின் கடைசியில் "மணகோலம் எவ்வளவு போடட்டும்?" என்பார். மொத்தக் குறுஞ்செய்தித் திட்டம் விற்க வந்த இளைஞர் ஒருவர் எங்களிடம் பேசி முடித்தபின் அவரிடமும் போனார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புநர் பெயரையும் வாசக மாதிரியையும் பதிவு செய்துவிட்டால் ஒரே சொடுக்கில் பல்லாயிரம் பேருக்குச் செய்தி போகும் என்று பொறுமையாக விளக்கினார்.

"பேரு தெரியாதவுகளுக்கு என்னத்த அனுப்புறது, தம்பி? அவுக வீட்ல கடிக்கப் பல்லு இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாதே. ஒங்க வீட்ல யாரெல்லாம் இருக்காக?" என்று கேட்டார் ஆச்சி.

அந்த இளைஞர் இரண்டு பொட்டலம் சீப்புச் சீடையும், பாட்டிக்கென்று தனியாக ஒரு பொட்டலம் மாவுருண்டையும் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையம் போனார்.