மறுநடவுக் காட்டில் எலிப்பருந்து

பிப்ரவரி 3
மருத்துவமனையிலிருந்து போன் வரவில்லை.

பிப்ரவரி 4
அப்பாவை வாசலில் உட்காரவைத்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைகளை மறுநடவுக்காகச் சாய்த்துவிட்டதால், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்திலிருந்தே பெரிய ரோடு வரை தெரிகிறது. மின்கம்பியில் ஒரு கருந்தோள் பருந்து. காக்கையைவிடச் சின்னது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, தோளில் மட்டும் மை கொட்டியதுபோல் கறுப்பு, கண் நல்ல சிவப்பு. எழும்பி, அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்றது. காலைத் தொங்கவிட்டு மெல்ல மெல்ல இறங்கியது, சட்டென்று பயற்றங்கொடிக்குள் விழுந்தது. எழுந்தபோது காலில் எலி.

அப்பா பார்க்கவில்லை. மரம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 7
மழை. இன்றும் போன் இல்லை.

பிப்ரவரி 9
தூக்கம் வராமல் இந்தப் பருந்தைப் பற்றியே படித்தேன். 1789இல் தெஃபோந்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார், அல்ஜியர்ஸ் பக்கத்துப் பறவையைப் பார்த்து. ஆப்பிரிக்கா, ஸ்பெயின், இந்தியா, இந்தோனேசியா, நியூகினி வரை இருக்கிறது. எங்கே இருந்தாலும் கேட்பது புல்வெளி, உட்கார அங்கொன்று இங்கொன்றாக மரம், நிறைய எலி. அடர்காடு ஆகாது. தாத்தா வந்தபோது இங்கே ரப்பர், அதற்கு முன் காடு. காடு போன பிறகுதான் இதற்கு இங்கே இடம் கிடைத்திருக்கிறது. கன்றுகள் வளர்ந்து ஓலையோடு ஓலை கோத்துக்கொண்டால் மறுபடி கிளம்பிவிடும்.

அப்பா குலை வெட்டிய மரங்களைச் சாய்த்ததால்தான் வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்ல?

பிப்ரவரி 12
கன்றுக்குக் கன்று எலி மருந்து வைத்திருக்கிறார்கள். குருத்தை எலி தின்னும், வாஸ்தவம்தான். ஆனால் மருந்து தின்ற எலி உடனே சாகாது, நாள்கணக்கில் தள்ளாடும். தள்ளாடுவதைப் பிடிப்பது பருந்துக்குச் சுலபம், மருந்து அதன் வயிற்றுக்கும் போகும். ஆந்தைக்குப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்தும் தோட்டங்களும் இந்த மலேசியாவில் இருக்கின்றனவே! வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் போய்ச் சொன்னேன். “நான் என்னம்மா செய்யட்டும், மேல சொல்றாங்க” என்றார். வயிறு எரிகிறது.

பிப்ரவரி 13
அப்பா கஞ்சிகூட வேண்டாம் என்கிறார்.

பிப்ரவரி 15
கம்பியில் காணோம். சாயங்காலமும் காணோம்.

பிப்ரவரி 16
இரண்டு! ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்துக்குக் குச்சி கொண்டுபோகின்றன. முதலில் பார்த்தது அப்பாதான். “அந்தா பாரு, நம்ம நிரைப் பக்கம்தான் போவுது” என்றார். அப்புறம் அவராகவே கஞ்சி கேட்டார்.

மத்தியானம் போன் வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கிள்ளான் மருத்துவமனை.

பிப்ரவரி 18
பை கட்டியாச்சு. பக்கத்து வீட்டுத் தம்பியிடம், பெட்டை கூட்டில் உட்கார்ந்ததா என்று தினமும் பார்த்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவும் தன் பங்குக்கு அவனைக் கூப்பிட்டு, மரத்தடிக்குப் போகாமல் தூர நின்றே பார்க்க வேண்டும் என்றார்.