ட்ரெட்லாக்ஸ்: அலசுவதைவிட உலர்த்துவதுதான் பெரிய வேலை

ட்ரெட்லாக்ஸ், அதாவது முடி கயிறுபோல் திரண்ட சடையில் நாற்றம் வந்தால் பெரும்பாலும் அழுக்கல்ல, உள்ளே தங்கிய ஈரம்தான் காரணம். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். நடுவில் அழுத்தினால் சில்லென்று இருக்கும். அங்கேதான் பூஞ்சை பிடிக்கும்.

வாரம் ஒருமுறை அலசினால் போதும். கண்டிஷனர் கலக்காத ஷாம்பூவை நீரில் கரைத்து உச்சந்தலையில் மட்டும் தேயுங்கள். வழியும் நுரையே சடைக்குப் போதும். நுரை வருவது நிற்கும்வரை அலசி, ஒவ்வொன்றாகப் பிழிந்து, துண்டால் ஒற்றுங்கள். அலசுவதைக் காலையிலேயே முடியுங்கள். ஈரத்தோடு கட்டவோ படுக்கவோ கூடாது.

சடையை இறுக்கப் பூசும் மெழுகு வேண்டவே வேண்டாம், யார் சிபாரிசு செய்தாலும் சரி. லேசில் கழுவிப் போகாது, தூசியையும் பிடித்துவைக்கும்.

வேர்ப்பக்கம் இரண்டு சடைகள் ஒட்டத் தொடங்கினால் உடனே விரலால் பிரித்துவிடுங்கள். புதிதாக வளர்ந்த முடியை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை முறுக்கலாம். அடிக்கடி முறுக்கினால் வேர் மெலிந்து சடையே அறுந்து கையோடு வரும்.