போர்டு மினிட்ஸில் ‘தட்’டுக்குப் பின்னால் வருவது

கம்பெனிகளின் போர்டு (டைரக்டர்கள் குழு) கூட்டத்துக்கு மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் நடந்ததன் பதிவு, எழுதுகிறவர்களுக்கு மொழிநடை பற்றிய விதி ஒன்று எழுத்திலேயே இருக்கிறது. கம்பெனி செக்ரட்டரிகளுக்கான அமைப்பான ஐ.சி.எஸ்.ஐ. வகுத்து, 2015 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.-1 தரநிலை, மினிட்ஸ் படர்க்கையிலும் இறந்தகாலத்திலும் இருக்க வேண்டும், தீர்மானம் மட்டும் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு இந்தத் தரநிலையைக் கட்டாயமாக்குகிறது. விதி இவ்வளவுதான். ஆனால் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு இதில் சறுக்கும் இடங்கள் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கூடுகின்றன: இறந்தகால வினை ஒன்று வந்து, அதன் பின்னால் ‘தட்’ (that, நம் ‘என்று’) தொடங்கும் இடம்.

“ஆலை அடுத்த மாதம் திறக்கும் என்று எம்.டி. தெரிவித்தார்.” தமிழில் இது சரியான வாக்கியம். எம்.டி. வாயில் வந்த ‘திறக்கும்’ அப்படியே நிற்கிறது; கடைசியில் வரும் ‘தெரிவித்தார்’ மட்டும் இறந்தகாலம். ‘என்று’ தனக்கு முன்னால் இருப்பதைத் தொடுவதில்லை. ஆங்கிலத்தில் இறந்தகால வினை முதலில் வந்துவிடுகிறது, பின்னால் வரும் வாக்கியம் முழுவதும் அதற்குக் கட்டுப்படுகிறது. ‘தி எம்.டி. இன்ஃபார்ம்ட் தி போர்டு தட் தி பிளாண்ட் வுட் ஓப்பன் இன் ஆகஸ்ட் 2024’ என்று எழுத வேண்டும். நம் கையில் முதலில் வருவதோ ‘இன்ஃபார்ம்ட் தட் தி பிளாண்ட் வில் ஓப்பன் நெக்ஸ்ட் மன்த்’. இதில் பிழை மூன்று. ‘வில்’ ‘வுட்’ ஆகவில்லை. ‘இன்ஃபார்ம்ட்’ யாரிடம் என்று கேட்கும் வினை, அந்த ஆள் இல்லை. ‘நெக்ஸ்ட் மன்த்’ கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் புரியும். இரண்டு வருஷம் கழித்துக் கோப்பைப் பிரிக்கும் ஆடிட்டருக்கு எந்த மாதம்? ‘தி ஃபாலோயிங் மன்த்’ என்று எழுதினால் இலக்கணம் சரியாகும். மாதத்தின் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிடுவதே எப்போதும் மேல். ‘டுடே’, ‘டுமாரோ’, ‘நவ்’, ‘திஸ் இயர்’ எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

மாறும் வினைகளின் பட்டியல் சின்னதுதான். ‘இஸ்’ ‘வாஸ்’ ஆகும், ‘ஹேஸ்’ ‘ஹேட்’ ஆகும், ‘கேன்’ ‘குட்’ ஆகும், ‘மே’ ‘மைட்’ ஆகும். ‘வுட்’, ‘குட்’, ‘ஷுட்’, ‘மைட்’ ஏற்கெனவே மாறிய வடிவில் இருப்பதால் அப்படியே நிற்கும். மாற்றக் கூடாத இடமும் உண்டு. சட்டப்பிரிவு சொல்வது, இன்றும் மாறாமல் நிற்கும் உண்மை ஆகியவற்றை நிகழ்காலத்திலேயே விடலாம். ‘நோட்டட் தட் தி ரெஜிஸ்டர்ட் ஆஃபீஸ் வாஸ் இன் சென்னை’ என்று இலக்கணத்துக்காக எழுதினால், அலுவலகம் வேறு ஊருக்குப் போய்விட்டதோ என்று படிப்பவர் நினைக்கக்கூடும்.

பணம் தொடர்பான வாக்கியங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. ‘தி சி.எஃப்.ஓ. (தலைமை நிதி அதிகாரி) ரிப்போர்ட்டட் தட் தி கம்பெனி வாஸ் இன் டிஃபால்ட்’ என்றால் கூட்டம் நடந்த அன்று கடன் தவணை பாக்கி நின்றது என்று பொருள். ‘ஹேட் பீன் இன் டிஃபால்ட்’ என்றால் பாக்கி அதற்கு முன்பே தொடங்கியது. தீர்ந்ததா இல்லையா என்பதை அந்த வினை மட்டும் சொல்லாது. பெரும்பாலோர் ‘தீர்ந்துவிட்டது’ என்றே படிப்பார்கள். மினிட்ஸைக் கேட்டு வாங்கிப் படிக்கிற பேங்க்காரருக்கு இந்த ஒரு சொல் வித்தியாசம் பெரிய வித்தியாசம். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பாக்கி, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று சேர்த்து எழுதினால்தான் வினையின் மேல் விழும் பாரம் குறையும்.

‘ஹேட்’ என்பதைத் தேவையில்லாத இடத்தில் போடும் பழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. ‘ஐ ஹேட் சென்ட் தி மெயில் எஸ்டர்டே’ என்பது தினசரிப் பேச்சு. அதே கை மினிட்ஸில் ‘தி போர்டு ஹேட் அப்ரூவ்ட்’ என்று எழுதும். அப்படி எழுதினால் ஒப்புதல் முந்தைய கூட்டம் ஒன்றில் தரப்பட்டதாகிவிடும். படிப்பவர் அந்தக் கூட்டத்தைத் தேடிப் போவார். இந்தக் கூட்டத்தில் நடந்தது வெறும் ‘அப்ரூவ்ட்’ தான். ‘ஹேட்’ ‘தட்’டுக்குப் பின்னால் வரும் உள்வாக்கியத்துக்கு உரியது. அங்கும், தலைவினைக்கு (‘தட்’டுக்கு முன்னால் நிற்கும் வினைக்கு) முன்பே நடந்து முடிந்தது எதுவோ அதற்கு மட்டும்.

கேள்வியை எழுதும்போது ‘என்று’ இன்னொரு தொந்தரவு தருகிறது. “ஏன் தாமதம் என்று டைரக்டர் கேட்டார்.” ‘என்று’ வந்தவுடன் மனம் ‘தட்’ என்று எழுதச் சொல்லும். விளைவு, ‘ஆஸ்க்ட் தட் வொய் வாஸ் தி பிராஜெக்ட் டிலேய்ட்’. கேள்விச் சொல் இருந்தால் ‘தட்’ வராது, வரிசையும் கேள்வி வரிசையாக இருக்காது: ‘ஆஸ்க்ட் வொய் தி பிராஜெக்ட் வாஸ் டிலேய்ட்’. ஆமா, இல்லையா என்ற கேள்விக்கு ‘என்கொயர்ட் வெதர்’.

ஆளைக் கேட்கும் வினைகளைத் தனியாக மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ‘டோல்ட்’, ‘இன்ஃபார்ம்ட்’, ‘அஷ்யூர்ட்’, ‘ரிமைண்டட்’ இவற்றுக்கு உடனே ஆள் வேண்டும். ‘செட்’, ‘ஸ்டேட்டட்’, ‘எக்ஸ்பிளெய்ன்ட்’, ‘மென்ஷன்ட்’ இவற்றுக்கு நேரடியாக ஆள் ஒட்டாது. வேண்டுமானால் ‘எக்ஸ்பிளெய்ன்ட் டு தி போர்டு தட்’ என்று ‘டு’ போட வேண்டும். ‘சஜெஸ்டட்’, ‘ரெக்கமண்டட்’ வந்தால் உள்ளே இருக்கும் வினை காலமே காட்டாமல் மொட்டையாக நிற்கும்: ‘சஜெஸ்டட் தட் தி புரொபோசல் பீ டிஃபர்ட்’. அந்த ‘பீ’யைப் பிழை என்று நினைத்து ‘வாஸ்’ ஆக்கிவிட்டால், தள்ளிவைக்கலாம் என்ற யோசனை, தள்ளிவைக்கப்பட்டுவிட்டது என்ற செய்தியாக மாறிவிடும்.

‘தட்’டைக் கைவிடுவது பேச்சில் இயல்பு. மினிட்ஸில் அது சிக்கல் தரும். ‘தி ஆடிட்டர் கன்ஃபர்ம்ட் தி ரிப்போர்ட் வாஸ் இன்கரெக்ட்’ என்பதைப் படித்துப் பாருங்கள். ‘கன்ஃபர்ம்ட் தி ரிப்போர்ட்’ வரை வரும்போது ஆடிட்டர் அறிக்கையை உறுதிசெய்தார் என்று புரிந்துகொள்வோம். அடுத்த இரண்டு சொல்லில் அது தலைகீழாகிறது. ‘கன்ஃபர்ம்ட்’, ‘ஃபவுண்ட்’, ‘நோட்டட்’ மாதிரி நேராகப் பெயர்ச்சொல்லையும் ஏற்கிற வினைகளுக்கெல்லாம் ‘தட்’ கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். கிழமையோ தேதியோ நடுவில் வந்தாலும் அப்படித்தான். ‘தி வெண்டர் செட் ஆன் மண்டே தி டீம் வுட் கம்’ என்றால் திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை வருவார்களா? ‘செட் ஆன் மண்டே தட்’ என்றால் சொன்ன நாள். ‘செட் தட் ஆன் மண்டே’ என்றால் வரும் நாள். ஒரு சொல் நிற்கும் இடம் முழு அர்த்தத்தையும் தீர்மானிக்கிறது.

இலக்கணத்தைத் தாண்டி, எந்த வினையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் பொறுப்பு இருக்கிறது. எனக்கு இதுதான் மினிட்ஸ் வேலையின் உயிர்நாடி என்று படுகிறது. 118-ஆம் பிரிவின்படி முறையாக வைக்கப்பட்ட மினிட்ஸ், அதில் பதிவான நடவடிக்கைகளுக்குச் சாட்சியம். ‘செட்’, ‘ஸ்டேட்டட்’ இரண்டும் நடுநிலை: அவர் சொன்னார், அவ்வளவே. ‘பாயிண்டட் அவுட்’, ‘நோட்டட்’, ‘ரியலைஸ்ட்’ அப்படியல்ல. ‘தட்’டுக்குப் பின்னால் வருவது உண்மைதான் என்று அவை ஏற்றுக்கொள்கின்றன. ‘தி போர்டு நோட்டட் தட் ஃபண்ட்ஸ் ஹேட் பீன் மிஸ்யூஸ்ட்’ என்று எழுதினால் பணம் முறைகேடானதை போர்டே ஏற்றதாகிவிடும். ஒரு டைரக்டர் குற்றம்சாட்டியது மட்டும்தான் நடந்தது என்றால் அவர் பெயரில் ‘ஸ்டேட்டட் தட்’ போதும். ‘அட்மிட்டட் தட்’ இன்னும் கனமானது; சொன்னவர் மேல் தவறைச் சுமத்துகிறது. அவதூறாகக் கருதத்தக்கதை மினிட்ஸில் சேர்க்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்வதால், ‘அட்மிட்டட்’ எழுதும் முன் அவர் உண்மையிலேயே ஒப்புக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும். ‘தாட்’ மினிட்ஸுக்கு ஆகாது. ‘ஐ தாட் தி ஃபைல் வாஸ் வித் யூ’ என்று அலுவலகத்தில் சொன்னால், அப்படி நினைத்தேன், ஆனால் இல்லை போலிருக்கிறது என்ற தொனி வந்துவிடும். கருத்தைப் பதிய ‘வாஸ் ஆஃப் தி வியூ தட்’ போதும்.

தீர்மானத்தில் மட்டும் கதை வேறு. ‘ரிஸால்வ்ட் தட்’ என்பது பார்வைக்கு இறந்தகாலம். அதன் பின்னால் வருவதோ ‘தி கன்சென்ட் ஆஃப் தி போர்டு பீ அண்ட் இஸ் ஹியர்பை அக்கார்டட்’. ‘பீ’ இது ஆகட்டும் என்கிறது. ‘இஸ் ஹியர்பை’ இதோ ஆகிறது என்கிறது. இங்கே ‘வாஸ்’ போட்டால் தீர்மானம், தீர்மானம் பற்றிய செய்தியாகிவிடும். பேங்க்கில் கணக்குத் தொடங்கக் கொடுக்கும் சான்றளித்த நகலில் சுற்றியுள்ள மினிட்ஸ் எதுவும் இருக்காது; அந்தப் பத்தி தனியாக நின்று அதிகாரம் தர வேண்டும்.

வரைவை 15 நாளுக்குள் டைரக்டர்களுக்கு அனுப்ப வேண்டும், கருத்துச் சொல்ல அவர்களுக்கு 7 நாள், கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். அனுப்பும் முன் ஒரே மூச்சில் படித்துத் திருத்துவதைவிட, ஒவ்வொன்றுக்காகத் தனித்தனியே பார்ப்பதில் பிழை நன்றாகச் சிக்கும்: முதலில் தலைவினைகள் மட்டும், பிறகு ‘தட்’டுக்குப் பின்னால் உள்ள வினைகள், பிறகு காலச் சொற்கள், கடைசியாக ஒவ்வொரு ‘இன்ஃபார்ம்ட்’டுக்கும் ஆள் இருக்கிறாரா என்று. கருத்துகள் திரும்பி வந்தபின் இதை இன்னொரு முறை செய்ய வேண்டும். டைரக்டர்கள் தங்கள் மெயிலில் ‘வில்’, ‘நெக்ஸ்ட் வீக்’ என்றுதான் எழுதுவார்கள்; அதை அப்படியே ஒட்டினால் திருத்திய வரைவிலேயே பழைய பிழை திரும்ப நுழையும். புத்தகத்தில் ஏறிவிட்டால் அதை மாற்ற அடுத்த கூட்டத்தில் போர்டின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும்.